கைப்பேசிக்குள் இருக்கும் அமானிதம்



அமானிதம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் நினைவுக்கு வருவன, பிறர் நம்மை நம்பிக் கொடுத்துவைத்த பணமும் நகையும் வீட்டுப் பத்திரமும்தாம். ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர் தம் பெட்டிச் சாவியை அண்டை வீட்டாரிடம் ஒப்படைத்துச் செல்வதும், சபர் போகிற மகன் தன் சேமிப்பை உம்மாவின் கையில் வைத்துப் போவதும் நம் ஊர்களில் நெடுங்காலமாக உள்ள வழக்கம். இன்று அந்தப் பெட்டியின் வேலையில் பெரும்பகுதியைக் கைப்பேசி ஏற்றுக்கொண்டுவிட்டது. யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், யாரிடமிருந்து எவ்வளவு வர வேண்டும், பள்ளிவாசல் வசூலில் இன்னும் ஒப்படைக்காத தொகை எவ்வளவு என்பன எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. எங்களில் ஒருவர் மஹல்லாவின் பைத்துல்மால் பணியில் இருக்கிறார். ஜகாத் பெறும் குடும்பங்களின் பெயர்ப் பட்டியல் அவருடைய கைப்பேசியில் உள்ளது. அந்தப் பட்டியல் தொலைந்தால் ஏழைக்கு நட்டம். வெளியே கசிந்தால் ஏழையின் மானத்துக்கு நட்டம்.

கைப்பேசியைப் பேக்கப் எடுத்து வைப்பதை நாம் பெரும்பாலும் பிள்ளைகளிடம் விட்டுவிடுகிற ஒரு தொழில்நுட்ப வேலையாகவே கருதுகிறோம். எங்கள் குடும்பத்தில் இது ஒரு வாரம் முழுவதும் பேசித் தீர்க்க வேண்டிய மார்க்க விஷயமாகவும் குடும்ப விஷயமாகவும் ஆனது. அந்தப் பேச்சில் நாங்கள் எட்டிய முடிவுகள் உங்கள் இல்லங்களுக்கும் பயன்படலாம் என்பதால் எழுதுகிறோம்.

வாப்பா விட்டுச் சென்ற இரண்டு பதிவுகள்

எங்கள் வாப்பா சென்னை மண்ணடியில் சிறிய கடை வைத்திருந்தார்கள். பெருநாளுக்கும் குடும்ப நிக்காஹ்களுக்கும் ஊருக்கு வருவார்கள். மற்ற நாட்களில் கடையே வீடு. 2019ஆம் ஆண்டு அவர்கள் மவுத்தானபோது இரண்டு வகையான பதிவுகள் எங்களிடம் இருந்தன. ஒன்று, நீல அட்டை போட்ட கடன் நோட்டு. சரக்குக் கொடுத்தவர்களுக்குத் தர வேண்டியது இடப்பக்கம், வர வேண்டியது வலப்பக்கம் என்று தேதியோடு எழுதியிருந்தார்கள். ஜனாஸாத் தொழுகைக்கு முன், மையித்திடம் கடன் வர வேண்டியவர்கள் வாரிசுகளை அணுகலாம் என்று பள்ளிவாசலில் அறிவித்தோம். பத்து நாட்களுக்குள் அந்த நோட்டைக் கொண்டே எல்லாவற்றையும் தீர்த்தோம். கடனோடு மரணித்தவரின் நிலை குறித்து நபி (ஸல்) அவர்கள் எவ்வளவு கண்டிப்பாக எச்சரித்திருக்கிறார்கள் என்பதை அறிந்தவர்களுக்கு, அந்த நோட்டு எங்களுக்குத் தந்த நிம்மதி புரியும்.

மற்றொன்று, உம்மாவின் கைப்பேசியில் இருந்த வாப்பாவின் குரல். இஷாவுக்குப் பின் கடையை அடைத்துவிட்டு வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு அனுப்புவது அவர்கள் வழக்கம். சாப்பிட்டீர்களா, சின்னவனுக்குக் காய்ச்சல் விட்டதா, நாளை மீன்காரருக்குப் பணம் கொடுத்துவிடுங்கள் என்பன போன்ற அன்றாடச் சொற்களே அவற்றில் இருந்தன. மூன்று ஆண்டுகளில் சேர்ந்த அந்தப் பதிவுகளை உம்மா சில இரவுகளில் தனியே கேட்பார்கள்.

அண்மையில் அந்தக் கைப்பேசியின் பேட்டரி வீங்கிப் பின்மூடியைத் தள்ளத் தொடங்கியது. பழுது பார்க்கும் கடைக்காரர், பேட்டரியை மாற்றலாம், ஆனால் உள்ளே இருப்பதற்குத் தம்மால் பொறுப்பேற்க முடியாது என்று சொல்லிவிட்டார். அன்று இரவு துபாயிலிருந்து காக்காவும், பக்கத்துத் தெருவிலிருந்து ராத்தாவும், வீட்டில் இருந்த நாங்களும் ஒரே அழைப்பில் கூடிப் பேசினோம். உம்மா சொன்னது ஒன்றுதான்: "பணங்காசு கணக்கெல்லாம் நீங்க பாத்துக்குங்க வாப்பா. அவுங்க சத்தம் மட்டும் போயிடக் கூடாது."

மூன்று வழிகள், மூன்று கவலைகள்

பேக்கப் எடுக்க மூன்று வழிகள் உண்டு. கைப்பேசியைக் கேபிள் மூலம் கணினியோடு இணைத்து ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுக்கலாம். மெமரி கார்டிலோ பென் டிரைவிலோ போட்டு வைக்கலாம். கூகுள், ஆப்பிள் போன்ற நிறுவனங்களின் கிளவுட் சேமிப்பில் இணையம் வழியாக ஏற்றி வைக்கலாம்.

காக்கா கிளவுட்டின் பக்கம் நின்றார். அதற்கு அவரிடம் வலுவான காரணம் இருந்தது. 2023 டிசம்பரில் தென்மாவட்டங்களில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவானது. அங்கிருக்கும் எங்கள் சாச்சி வீட்டில் இடுப்பளவு நீர் புகுந்தது. கணினியும் அதனருகே மேசை அறையில் இருந்த ஹார்ட் டிஸ்க்கும் ஒன்றாகவே மூழ்கின. "வீட்டுக்குள்ளேயே ரெண்டு பிரதி வெச்சா அது ஒரு பிரதிதாம்மா" என்று அவர் ராத்தாவிடம் சொன்னார்.

ராத்தாவின் மறுப்பும் எளிதில் தள்ளத் தக்கதாக இல்லை. "எம் புள்ளைங்க வீட்டுக்குள்ள தலையில துணியில்லாம இருக்குற படமெல்லாம் அதுல இருக்கு காக்கா. மருதாணி ராத்திரியில பொம்பளைங்க மட்டும் இருந்தப்ப எடுத்ததும் இருக்கு. அதெல்லாம் நமக்குத் தெரியாத எடத்துல போய் ஏன் உக்காரணும்?" என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்கு விடை தேடும்போதுதான் பலரும் கவனிக்காத ஒரு வேறுபாடு எங்களுக்குத் தெரிந்தது. கூகுள் போட்டோஸில் ஏறும் படங்கள் மறையாக்கம் செய்யப்பட்டே சேமிக்கப்படுகின்றன. ஆனால் அந்தப் பூட்டின் சாவி நிறுவனத்திடமே இருக்கிறது. ஐகிளவுட்டில் உள்ள படங்களுக்கும் இயல்பான நிலை இதுதான். 2022 இறுதியில் ஆப்பிள் அறிமுகப்படுத்திய மேம்பட்ட தரவுப் பாதுகாப்பு என்ற அமைப்பை நாமே இயக்கினால்தான் சாவி நம்மிடம் வரும். வாட்ஸ்அப்பும் இப்படித்தான். நாம் அனுப்பும் செய்தி வழியில் எவராலும் படிக்க முடியாதது. ஆனால் அதன் கிளவுட் பேக்கப்பிற்கு அதே பாதுகாப்பு தானாக வந்துவிடுவதில்லை. 2021 முதல் அதற்கென ஒரு தனி அமைப்பு இருக்கிறது. அமைப்புகளில் சாட் பேக்கப் பகுதிக்குள் சென்று, முழு மறையாக்கத்தை இயக்கி, நாமே ஒரு கடவுச்சொல்லையோ 64 இலக்கச் சாவியையோ வைத்துக்கொள்ளலாம். கைப்பேசியும் தொலைந்து, அந்தக் கடவுச்சொல்லும் மறந்துபோனால், வாட்ஸ்அப் நிறுவனத்தாலும் அந்தப் பேக்கப்பைத் திறந்து தர முடியாது.

தொலையாமல் காப்பதும் வெளிப்படாமல் காப்பதும் ஒன்றையொன்று இழுக்கின்றன என்பது எங்களுக்கு அப்போது விளங்கியது. பிரதிகளைப் பெருக்கினால் தொலையும் அச்சம் குறைகிறது, கசியும் அச்சம் கூடுகிறது. பூட்டை இறுக்கினால் கசிவு குறைகிறது, சாவி தொலையும் அச்சம் கூடுகிறது. அமானிதத்துக்கோ இரண்டு கடமைகளும் உண்டு. ஆகவே, எல்லாவற்றுக்கும் பொருந்தும் சிறந்த வழி எது என்று தேடுவதை நிறுத்தி, எந்தப் பொருளுக்கு எந்த வழி என்று பிரித்துப் பார்த்தோம்.

குரலுக்கு ஒரு வழி

வாப்பாவின் குரலை முதலில் எடுத்துக்கொண்டோம். வாட்ஸ்அப் பேக்கப் என்பது அந்தச் செயலிக்குள், அந்தத் தொலைபேசி எண்ணைக் கொண்டு மட்டுமே திறக்கக்கூடியது. ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண் சில மாதங்களில் செயலிழந்து, பின்னர் வேறொருவருக்கு வழங்கப்படலாம். 120 நாட்கள் பயன்படுத்தாத வாட்ஸ்அப் கணக்கும் பொதுவாக நீக்கப்படுகிறது. மேலும், ஆண்ட்ராய்டு கைப்பேசியிலிருந்து கூகுள் கணக்கில் ஏற்றிய வாட்ஸ்அப் பேக்கப்பை ஐபோனில் நேரடியாக மீட்க முடியாது. இவ்வளவு நிபந்தனைகளுக்கு உட்பட்ட ஒரே பிரதியை நம்பி உம்மாவின் பொக்கிஷத்தை விட நாங்கள் விரும்பவில்லை.

ஆகவே, அந்தக் கைப்பேசி இயங்கும் நிலையில் இருக்கும்போதே ஒவ்வொரு குரல் பதிவையும் தெரிவு செய்து, தனிக் கோப்பாக வெளியே எடுத்தோம். அவை ஓபஸ் என்னும் வடிவில் இருந்தன. எல்லாக் கருவிகளிலும் ஒலிக்கும் பொருட்டு எம்பி3 வடிவிலும் மாற்றி, தேதியைப் பெயராக இட்டோம். ஒரு பிரதி ஊரில் உள்ள ஹார்ட் டிஸ்க்கில், ஒன்று துபாயில் காக்காவிடம், ஒன்று கிளவுட்டில். கணினித் துறையினர் 3-2-1 என்று ஒரு விதி சொல்வார்கள்: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றில் ஒன்றேனும் வேறு ஊரில். சபராளிகள் இல்லாத வீடு நம்மிடையே குறைவு. பிரிந்து வாழ்வதன் துயரை நாம் நன்கறிவோம். இந்த விஷயத்தில் மட்டும் அந்தத் தொலைவு நமக்குப் பயன்படட்டும்.

பாதுகாக்க வேண்டியதைப் பல இடங்களில் வைப்பது நமக்குப் புதிதான சிந்தனையும் அன்று. யமாமா போரில் குர்ஆனை மனனம் செய்தவர்கள் பலர் ஷஹீதான பின், உமர் (ரலி) அவர்களின் யோசனையை ஏற்று, அபூபக்கர் (ரலி) அவர்கள் ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களைக் கொண்டு அதை ஒன்றுதிரட்டினார்கள். அந்த ஏடுகள் பின்னர் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் பாதுகாக்கப்பட்டன. உஸ்மான் (ரலி) அவர்கள் அவற்றிலிருந்து பிரதிகள் எழுதச் செய்து பல நகரங்களுக்கு அனுப்பினார்கள். இறைவேதத்தைக் காத்த அந்த மேன்மையான பணியோடு நம் வீட்டுப் பதிவுகளை ஒப்பிடுவது முறையாகாது. ஆயினும், தவக்குல் வைப்பவர்கள் முயற்சியைக் கைவிடுவதில்லை என்பதை அவர்களிடமிருந்து நாம் கற்கலாம்.

படங்களுக்கு இன்னொரு வழி

வீட்டுப் பெண்களின் படங்களைப் பொறுத்தவரை ராத்தாவின் கருத்தையே ஏற்றோம். அவர் கைப்பேசியில் தானாகப் படம் ஏறும் அமைப்பு நிறுத்தப்பட்டது. மாதம் ஒருமுறை கேபிள் மூலம் ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றுகிறோம். அந்த டிஸ்க் வெராகிரிப்ட் என்னும் இலவச மென்பொருளால் பூட்டப்பட்டிருக்கிறது. இதேபோன்ற இரண்டாவது டிஸ்க் ஒன்று உம்மாவின் வீட்டு மாடியில் உயரமான அலமாரியில் இருக்கிறது. இரண்டு வீடுகளும் ஒரே ஊரில் இருப்பதால் காக்காவின் கவலை முற்றிலும் தீரவில்லைதான். அவர் அடுத்த விடுமுறையில் வந்து திரும்பும்போது பூட்டிய பிரதி ஒன்றைத் தம்மோடு எடுத்துச் செல்வதாக முடிவு.

பென் டிரைவையும் மெமரி கார்டையும் நீண்டகாலப் பாதுகாப்புக்கு நம்பவில்லை. மின்தொடர்பு இல்லாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் அவற்றில் உள்ள பதிவு சிதைய வாய்ப்புண்டு. உருவில் சிறியவை என்பதால் எளிதில் தொலையவும் செய்யும்.

கிளவுட்டில் படங்களை வைத்திருப்போர் மூன்றைக் கவனிக்க வேண்டும். முதலாவது, அங்கே நடப்பது பெரும்பாலும் ஒத்திசைவு. கூகுள் போட்டோஸ் செயலியில் ஒரு படத்தை அழித்தால் கைப்பேசியிலும் கிளவுட்டிலும் சேர்ந்தே அழியும். குப்பைத் தொட்டியில் 60 நாட்கள் இருக்கும். அதற்குள் மீட்காவிட்டால் போனது போனதுதான். இடத்தைக் காலி செய்வதற்காகப் படங்களை அழித்துவிட்டு, மேலே இருக்கிறதே என்று நம்பியிருந்த ஊர்ச் சகோதரி ஒருவர், குழந்தையின் முதலாண்டுப் படங்கள் அனைத்தையும் இவ்விதம் இழந்தார். இரண்டாவது, இயல்பான நிலையில் கேமராவில் எடுத்த படங்கள்தாம் ஏறும். வாட்ஸ்அப்பில் வந்தவை ஏற வேண்டுமானால் அந்தக் கோப்புறையைத் தனியே தெரிவு செய்ய வேண்டும். பூட்டிய கோப்புறையில் மறைத்து வைத்த படங்களுக்கும் பேக்கப்பைத் தனியே இயக்காவிட்டால், கைப்பேசியோடு அவையும் போய்விடும். மூன்றாவது, கூகுளின் இலவச இடம் 15 ஜிபிதான். மின்னஞ்சல், டிரைவ், படங்கள் மூன்றுக்கும் அது பொது. 2024 முதல் ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப் பேக்கப்பும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டது. இடம் நிறைந்தால் பேக்கப் நின்றுவிடும். அறிவிப்பைப் பார்த்தும் பாராதது போல் தள்ளிவிடும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு.

இடம் நிறைவதற்குக் காரணம் என்ன என்று பார்த்தோம். காலை வணக்கப் படங்களும், பத்துக் குழுக்களில் வந்த ஒரே வீடியோவும், எவரோ அனுப்பிய வதந்திகளுமே பாதிக்கு மேல் அடைத்திருந்தன. அவற்றை நீக்கியதும் சந்தா கட்டத் தேவையில்லாமல் போயிற்று. காக்கத் தகுந்தது எது என்று தெரிவு செய்வதே பேக்கப்பின் முதல் படி.

கணக்குக்கு மூன்றாவது வழி

கடன் கணக்குக்கு நாங்கள் தேர்ந்த வழி இளையவர்களுக்குச் சிரிப்பூட்டக்கூடும். மாதக் கடைசியில் கைப்பேசியில் உள்ள கொடுக்கல் வாங்கலை ஒரு நோட்டில் பேனாவால் எழுதுகிறோம். குர்ஆனின் மிக நீண்ட வசனமான சூரத்துல் பகராவின் 282ஆம் வசனம், தவணைக் கடனை எழுதிவைப்பது பற்றியும் சாட்சிகள் பற்றியுமே விரிவாகப் பேசுகிறது. வஸிய்யத் செய்ய வேண்டியது உள்ள ஒரு முஸ்லிம், அதை எழுதிவைக்காமல் இரண்டு இரவுகள் கழிப்பது தகாது என்பது நபிமொழி. கைரேகையால் பூட்டிய ஒரு கருவிக்குள் மட்டும் எழுதிவைத்த கடன், எழுதியவர் கண்மூடிய பின் வாரிசுகளுக்கு எட்டாமல் போகுமானால், எழுதியதன் நோக்கம் எப்படி நிறைவேறும்?

இங்கே உம்மா ஒரு முக்கியமான வரம்பைச் சொன்னார்கள். "மவுத்தானவங்க போனத் தொறந்து எல்லாத்தையும் நோண்டாதீங்க. கொடுக்க வேண்டியது தெரிஞ்சாப் போதும்." பிறர் குறைகளைத் துருவி ஆராய்வதை அல்லாஹ் தடுத்திருக்கிறான். ஒரு கைப்பேசிக்குள் அதன் உரிமையாளரின் அந்தரங்கம் மட்டும் இல்லை. அவரிடம் மனம் திறந்து பேசிய நண்பர்களின், குடும்பப் பிணக்கில் யோசனை கேட்ட உறவினர்களின் அந்தரங்கமும் இருக்கிறது. கடனைத் தேடுவதற்காக அத்தனை உரையாடல்களையும் வாரிசுகள் புரட்ட நேர்வது இரு தரப்புக்கும் சங்கடம். கணக்கைத் தனியாக நோட்டில் எழுதிவைத்தால் அந்தச் சங்கடம் எழாது.

பைத்துல்மால் பட்டியலுக்கு வேறு முறை. அது எந்த ஒருவரின் சொந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. கடவுச்சொல்லிட்ட கோப்பாக இரண்டு பொறுப்பாளர்களிடம் மட்டும் இருக்கிறது. பொறுப்பு மாறும்போது அதுவும் கைமாறும், பழையவர் தம் பிரதியை அழித்துவிடுவார்.

நமக்குப் பின்

நாம் இல்லாதபோது கணக்கு என்னாகும் என்பதற்கும் இப்போது ஏற்பாடுகள் உள்ளன. கூகுள் கணக்கில், குறிப்பிட்ட காலம் பயன்பாடு இல்லையென்றால், நாம் முன்பே தெரிவு செய்த நம்பகமானவருக்கு, நாம் அனுமதித்த பகுதிகளை மட்டும் அனுப்பும் வசதி இருக்கிறது. அந்தக் காலம் 3 மாதம் முதல் 18 மாதம் வரை. எதைத் தரலாம், எதைத் தரக்கூடாது என்பதை நாமே முடிவு செய்யலாம். ஏற்பாடு எதுவும் செய்யாமல் இரண்டு ஆண்டுகள் திறக்கப்படாத தனிநபர் கணக்கை அந்நிறுவனம் நீக்கிவிடலாம். ஐபோன் வைத்திருப்போர் மரபுத் தொடர்பாளர் ஒருவரை நியமிக்கும் வசதியை ஆப்பிள் 2021 இறுதியில் கொண்டுவந்தது.

கடவுச்சொற்களையும் வாட்ஸ்அப் பேக்கப்பின் சாவியையும் ஒரு தாளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, உம்மாவின் பீரோவில் வீட்டுப் பத்திரத்தோடு வைத்திருக்கிறோம். உறை இருக்கும் இடம் மூவருக்குத் தெரியும்.

இறுதியாக ஒரு சொல். எடுத்துவைத்த பேக்கப் சரியாக இருக்கிறதா என்பது அதைத் திறந்து பார்க்கும்வரை எவருக்கும் தெரியாது. ரமளானில் ஜகாத் கணக்குப் பார்க்கிற நாளையே நாங்கள் இதற்கும் குறித்துக்கொண்டோம். அன்று இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளையும் இணைத்து நாலைந்து கோப்புகளைத் திறந்து பார்ப்பது, நோட்டையும் கைப்பேசியையும் ஒத்துப் பார்ப்பது, உறையில் உள்ள கடவுச்சொல் இன்னும் செல்லுமா என்று சோதிப்பது என எல்லாம் சேர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகாது. செல்வத்தில் பிறருக்குள்ள உரிமையைக் கணக்கிடும் நாளில், நம் கைப்பேசியில் பிறருக்குள்ள உரிமையையும் கணக்கிட்டுக்கொள்வது பொருத்தமாகவே இருக்கும். வரும் ரமளான்வரை காத்திராமல், இந்த வாரமே உங்கள் வீட்டாரோடு ஒருமுறை அமர்ந்து பேசுங்கள்.

ஒப்படைக்கப்பட்டவற்றை அவற்றிற்கு உரியவர்களிடம் குறைவின்றிச் சேர்ப்பிக்கும் நல்லடியார்களாக வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கி அருள்வானாக! நம்மை முந்திச் சென்ற பெற்றோரின் கப்றுகளை ஒளியால் நிரப்புவானாக! ஆமீன்.